போட்டோவில் வெள்ளையாக மின்னும் கண்: செல்களின் ‘சிக்னல்’ கோளாறு நமக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும்?

குழந்தையின் முதல் பிறந்தநாள். கேக் வெட்டியாச்சு. ஃபிளாஷ் போட்டு எடுத்த நாற்பது போட்டோக்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுகின்றன. ஒரு போட்டோவில் மட்டும் குழந்தையின் ஒரு கண் வழக்கம்போலச் சிவப்பாகவும், இன்னொரு கண் பூனைக்கண் மாதிரி வெள்ளையாகவும் மின்னுகிறது. “கேமரா சரியில்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த போட்டோவுக்குப் போய்விடுகிறோம்.

பல சமயம் அது உண்மையாகவே கேமரா கோணத்தின் வேலைதான். ஆனால் சில சமயம், அந்த வெள்ளை ஒளி விழித்திரையில் வளரும் ஒரு கட்டியில் பட்டுத் திரும்பி வருவது. அதற்குப் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் கண் புற்றுநோய். 2017-ல் 153 நாடுகளில் புதிதாகக் கண்டறியப்பட்ட 4,351 பேரை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வில், 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த வெள்ளை ஒளிதான் முதல் அறிகுறியாக இருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பணக்கார நாடுகளில் இந்த நோய் கண்டுபிடிக்கப்படும் வயதின் இடைநிலை அளவு சுமார் 14 மாதம். ஏழை நாடுகளில் 30 மாதம். நோய் கண்ணைத் தாண்டி வெளியே பரவிய நிலையில் வந்தவர்கள் பணக்கார நாடுகளில் 1.5 சதவீதம், ஏழை நாடுகளில் ஏறக்குறைய 49 சதவீதம். எல்லா நாட்டிலும் நோய் ஒன்றுதான். எப்போது பார்த்தோம் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம்.

இது வெறும் ‘விழிப்புணர்வு’ சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்பது என் கருத்து. கண்ணிலும் மூளையிலும் வரும் சில கட்டிகள் எந்த சிக்னல் கெட்டுப்போனதால் வருகின்றன என்பது இன்று துல்லியமாகத் தெரியும். அது தெரிந்தால் யாரைப் பரிசோதிக்க வேண்டும், எந்த மருந்து கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்றும் தெரியும். இவ்வளவு தெரிந்த பிறகும் மரபணுப் பரிசோதனையை ‘வசதி இருந்தா பண்ணிக்கலாம்’ என்ற இடத்தில் வைத்திருப்பது சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

செல்லுக்குள் ஒரு அபார்ட்மென்ட்

கட்டி என்றாலே வெளியிலிருந்து புகுந்த எதிரி மாதிரி நாம் பேசுகிறோம். அப்படி இல்லை. அது நம் செல்தான். வளரச் சொல்லும் சிக்னலும் நம் உடம்புடையதுதான். குழந்தை வளர்வதற்கும் காயம் ஆறுவதற்கும் அந்த சிக்னல் கட்டாயம் வேண்டும்.

செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து ‘வளரு’ என்ற ரசாயனச் செய்தி வந்து ஏற்பியில் ஒட்டும். உள்ளே ஒரு புரதம் அடுத்த புரதத்தை உசுப்பும், அது அதற்கடுத்ததை உசுப்பும். இப்படிக் கைமாறிக் கைமாறிச் செய்தி செல்லின் உட்கருவுக்குப் போய்ச் சேரும். இந்தத் தொடரைத்தான் சிக்னல் பாதை என்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் ஆன் செய்ய ஒன்று இருந்தால், ஆஃப் செய்யவும் ஒன்று இருக்கும். கட்டி வருவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று கெடும்போதுதான்: ஆன் ஸ்விட்ச் அப்படியே மாட்டிக்கொள்ளும், இல்லையென்றால் ஆஃப் ஸ்விட்ச் வேலை செய்யாது.

ஒரு அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் வாட்ச்மேன். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு மோட்டார். கரண்ட் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர். மூன்றும் தேவை. மூன்றிலும் என்ன கோளாறு வரும் என்று உங்களுக்கே தெரியும். கண்ணையும் மூளையையும் சேர்த்துத் தாக்கும் மூன்று நோய்களை இந்த மூன்றை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

வாட்ச்மேன் இல்லாத கேட்: ரெட்டினோபிளாஸ்டோமா

செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் ஒரு கேட்டைத் தாண்ட வேண்டும். அங்கே நிற்கும் வாட்ச்மேன் ஆர்பி என்ற புரதம். செல்லைப் பிரியவைக்கும் இன்னொரு புரதத்தை அது கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். முறையான சிக்னல் வந்தால் மட்டும் கையை விடும். இந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பு 13-வது குரோமோசோமில், ஆர்பி1 என்ற மரபணுவில் இருக்கிறது.

பெரும்பாலான மரபணுக்களைப் போல இதிலும் நமக்கு இரண்டு பிரதிகள்: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளித்துவிடும். இரண்டும் போனால்தான் கேட் திறந்து கிடக்கும்.

1971-ல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரெட் நுட்சன் 48 நோயாளிகளின் பதிவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார். சில குழந்தைகளுக்கு இரண்டு கண்ணிலும், சீக்கிரமே, பல இடங்களில் கட்டி வருகிறது. மற்றவர்களுக்கு ஒரே கண்ணில், கொஞ்சம் தாமதமாக, ஒரே ஒரு கட்டி. அவர் தந்த விளக்கம் இது: முதல் வகைக் குழந்தைகள் ஒரு பிரதி பழுதான நிலையிலேயே பிறக்கிறார்கள். விழித்திரையில் ஏதோ ஒரு செல்லில் இன்னொரு பிரதியும் கெட்டால் போதும், கட்டி வந்துவிடும். இரண்டாம் வகையில் ஒரே செல்லில் இரண்டு விபத்தும் நடந்தாக வேண்டும். மரபணுவை யாரும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே சொல்லப்பட்ட விளக்கம் இது. 1986-ல் ஆர்பி1 பிரித்தெடுக்கப்பட்டபோது அவர் கணக்கு சரி என்று ஆனது.

சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. அவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு உடம்பின் எல்லாச் செல்லிலும் அந்தப் பழுது இருக்கும். அவர்கள் வளர்ந்து பெற்றோராகும்போது, ஒவ்வொரு குழந்தைக்கும் அது போய்ச் சேர 50 சதவீத வாய்ப்பு. ஆனால் இவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்த நோய் இருந்திருக்காது. பழுது இவர்களிடமே புதிதாகத் தொடங்கியிருக்கும். “எங்க பரம்பரையிலேயே இல்லையே” என்ற பேச்சு இங்கே எடுபடாது.

கண்ணும் மூளையும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

விழித்திரை என்பது மூளையின் நீட்சி. கரு உருவான முதல் சில வாரங்களில், மூளையாக மாறப்போகும் பகுதியிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு மொட்டுகள் பிதுங்கி வெளியே வரும். விழித்திரையும் பார்வை நரம்பும் அவற்றிலிருந்து உருவாகின்றன. அதனால் பார்வை நரம்பில் இருப்பதும் மூளையில் இருக்கும் அதே வகைத் துணைச் செல்கள்தான். மூளைக் கட்டி என்று நாம் சொல்லும் கிளையோமா கண் நரம்பிலும் வருவது இதனால்தான்.

பரம்பரை வகை ரெட்டினோபிளாஸ்டோமா உள்ள சில குழந்தைகளுக்கு, மூளையின் நடுவே இருக்கும் பீனியல் சுரப்பியிலும் அதே மாதிரிக் கட்டி வருவதுண்டு. பல விலங்குகளில் பீனியல் நேரடியாகவே ஒளியை உணரும் உறுப்பு. விழித்திரைக்கு அது தூரத்துச் சொந்தம். வாட்ச்மேன் இல்லாத பிரச்சினை அங்கேயும் எட்டிப் பார்க்கிறது. ஆகவே கண்ணில் கட்டி என்று தெரிந்தவுடன் மருத்துவர் மூளைக்கும் எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தால், “பில்லைக் கூட்டுறாங்க” என்று நினைக்க வேண்டாம்.

நிற்காத மோட்டார்: என்எஃப்1

தொட்டி நிறைந்ததும் யாராவது போய் மோட்டாரை நிறுத்த வேண்டும். மறந்தால் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். செல்லுக்குள் ராஸ் என்ற புரதம் அந்த மோட்டார். அதை நிறுத்தும் ஆள் நியூரோஃபைப்ரோமின். இந்தப் புரதத்துக்கான மரபணு, 17-வது குரோமோசோமில் இருக்கும் என்எஃப்1.

ஏறக்குறைய 3,000 பேரில் ஒருவருக்கு இந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதாக இருக்கும். இது அவ்வளவு அபூர்வமானதில்லை. பெரும்பாலானவர்களுக்கு முதல் அடையாளம் தோலில் தெரியும்: பால் கலந்த காபி நிறத்தில் தட்டையான தேமல்கள், ஆறு அல்லது அதற்கு மேல். “மச்சம்தான்” என்று விட்டுவிடுகிற விஷயம். ஆனால் என்எஃப்1 உள்ள குழந்தைகளில் சுமார் 15 முதல் 20 சதவீதம் பேருக்குப் பார்வை நரம்புப் பாதையில் கிளையோமா வருகிறது, பெரும்பாலும் ஏழு வயதுக்குள். பல கட்டிகள் மெதுவாக வளர்ந்து தானாகவே நின்றுவிடும், சிகிச்சையே தேவைப்படாது. சில மட்டும் பார்வையைத் தின்றுவிடும். மூன்று வயதுக் குழந்தை “எனக்கு இடது கண்ணு மங்கலாத் தெரியுது” என்று சொல்லாது. நாம்தான் தவறாமல் பரிசோதிக்க வேண்டும்.

இதில் 2021-ல் வந்த ஒரு ஆய்வு என்னை வியக்கவைத்தது. என்எஃப்1 மரபணு மாற்றப்பட்ட, பார்வை நரம்பில் கட்டி வரக்கூடிய எலிகளை விஞ்ஞானிகள் குறிப்பிட்ட வயதில் இருட்டிலேயே வளர்த்தார்கள். அவற்றுக்குக் கட்டி உருவாகவில்லை. வெளிச்சம் பட்டுப் பார்வை நரம்பு வேலை செய்யும்போது, நியூரோலிஜின்-3 என்ற புரதம் உதிர்ந்து கட்டிக்குத் தீனியாகிறது என்பது அவர்கள் கண்டது. பார்ப்பது என்ற சாதாரணச் செயலே கெட்டுப்போன ஸ்விட்ச்சுக்கு மேலும் கரண்ட் கொடுக்கிறது!

உடனே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் குழந்தையை இருட்டறையில் வைக்கக் கூடாது. வளரும் மூளைக்கு வெளிச்சமும் பார்வையும் கட்டாயம் வேண்டும், அவை இல்லாவிட்டால் வேறு பெரிய சேதம் வரும். அந்த ஆய்வின் பயன் வேறு: உதிரும் அந்தப் புரதத்தை மருந்தால் தடுக்க முடியுமா என்ற கேள்வியை அது எழுப்பியிருக்கிறது.

கரண்ட் இருந்தும் ஓடும் ஜெனரேட்டர்: விஎச்எல்

மூன்றாவது நோய் இளைஞர்களையும் தொடுவது. வான் ஹிப்பெல்-லிண்டா நோய், சுருக்கமாக விஎச்எல். வான் ஹிப்பெல் ஜெர்மன் கண் மருத்துவர், விழித்திரையில் ரத்தக்குழாய்க் கட்டிகளைப் பார்த்தவர். லிண்டா ஸ்வீடன் நாட்டு நோய்க்கூறியல் மருத்துவர். கண்ணில் வரும் அந்தக் கட்டியும் சிறுமூளையில் வரும் கட்டியும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று 1926-ல் இணைத்துக் காட்டியவர் அவர்.

ஆக்சிஜன் குறைந்தால் நம் செல்கள் எச்ஐஎஃப் என்ற புரதத்தைச் சேர்த்துவைத்து, ‘புது ரத்தக்குழாய் போடு’ என்று சிக்னல் கொடுக்கும். கரண்ட் போனதும் ஓடும் ஜெனரேட்டர் மாதிரி. ஆக்சிஜன் போதுமான அளவு வந்ததும் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு அழிக்க வைப்பது விஎச்எல் புரதம். அது இல்லாவிட்டால் ஆக்சிஜன் நிறைய இருந்தும் செல் மூச்சுத்திணறுவதாகவே நம்பிக்கொண்டிருக்கும். ரத்தக்குழாய்கள் கொத்துக்கொத்தாகப் பெருகும். செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கட்டிகள் பரவும் புற்றுநோய் இல்லை. ஆனால் மண்டை ஓட்டுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ என்று சொல்ல இடம் கிடையாது. சின்னக் கட்டியே பார்வையைப் பறிக்கும், சிறுமூளையில் நீர் கோத்து உயிரையும் பறிக்கும். இதே பழுது சிறுநீரகத்தில் உண்மையான புற்றுநோயையும் கொண்டுவரலாம்.

நல்ல செய்தியும் உண்டு. பாதை தெரிந்ததால் மருந்து வந்தது. எச்ஐஎஃப் வகையில் ஒன்றைத் தடுக்கும் பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரைக்கு 2021-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி தந்தது. உடனே அறுவை சிகிச்சை தேவைப்படாத விஎச்எல் நோயாளிகளின் மூளைக் கட்டிகளுக்கும் சிறுநீரகக் கட்டிகளுக்கும் அது பயன்படுகிறது.

எந்த ஸ்விட்ச் என்று தெரியாமல் மருந்து கொடுத்தால்?

“சரி, கட்டி இருக்கு. எடுத்துடலாம், ரேடியேஷன் கொடுத்துடலாம். ஜீன் எதுன்னு தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?” நியாயமாகத் தோன்றும் கேள்விதான். இரண்டு பதில்கள் இருக்கின்றன.

முதல் பதில்: பரம்பரை வகை ரெட்டினோபிளாஸ்டோமா உள்ள குழந்தைக்கு வெளியிலிருந்து ரேடியேஷன் கொடுத்தால், பின்னாளில் அந்த இடத்தில் வேறு புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது. ஒரு பிரதி ஏற்கெனவே பழுதான உடம்பு அது. என்எஃப்1 குழந்தைகளுக்கும் அதே காரணத்தால் ரேடியேஷனை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். அதாவது மரபணு தெரிந்தால் இன்றைய சிகிச்சையே மாறுகிறது.

இரண்டாவது பதில்: குழந்தைகளின் மூளையிலும் பார்வைப் பாதையிலும் வரும் மெதுவான கிளையோமாக்களில், பிராஃப் என்ற மரபணு கெட்டிருப்பது சகஜம். அது ராஸ் மோட்டாருக்கு அடுத்த படி. ஒரே மரபணுதான், ஆனால் இரண்டு விதமாகக் கெடலாம்: ஓர் எழுத்து மாறலாம், அல்லது இன்னொரு மரபணுவுடன் ஒட்டிக்கொள்ளலாம். பிராஃபைத் தடுக்கும் மருந்துதானே என்று சோராஃபெனிப் மருந்தை இப்படிப்பட்ட கட்டி உள்ள குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாகக் கட்டிகள் வேகமாக வளர்ந்தன, ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. சில வகைப் பழுதில் அந்த மருந்து பாதையை மூடுவதற்குப் பதிலாக இன்னும் திறந்துவிடுகிறது. பிறகு எழுத்து மாறிய வகைக்கு டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் கூட்டு 2023-லும், மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காமல் திரும்பி வரும் பிராஃப் கட்டிகளுக்கு, ஒட்டிக்கொண்ட வகை உட்பட, டோவோராஃபெனிப் 2024-லும் எஃப்டிஏ அனுமதி பெற்றன.

ஸ்விட்ச் எது என்று பார்ப்பதோடு, அது எப்படிக் கெட்டிருக்கிறது என்றும் பார்த்தால்தான் மருந்து மருந்தாக வேலை செய்யும். பயாப்ஸி எடுத்தும் இந்தப் பரிசோதனை செய்யாமல் விட்டால், சிகிச்சை பாதியில் நிற்பதாகத்தான் அர்த்தம்.

பழி யார் மேல்?

நம் வீடுகளில் இன்னொரு சேதமும் நடக்கிறது. குழந்தைக்குக் கண்ணில் கட்டி என்றதும் விசாரணைக் கூண்டில் ஏற்றப்படுவது அம்மா. “கிரகணத்துல வெளிய போனியா?” “மாசமா இருக்கும்போது போனையே பார்த்துட்டிருந்தே.” “சொந்தத்துல கட்டினதால வந்தது.”

மேலே சொன்ன மூன்று நோய்களுக்கும் கிரகணம், போன் இரண்டுமே காரணம் இல்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் சில மரபணு நோய்களின் ஆபத்து கூடும் என்பது உண்மை. ஆனால் அவை இரண்டு பெற்றோரிடமிருந்தும் பழுது வந்தால் மட்டும் தோன்றும் நோய்கள். ரெட்டினோபிளாஸ்டோமா, என்எஃப்1, விஎச்எல் அப்படிப்பட்டவை அல்ல. ஒரே ஒரு பழுதான பிரதி போதும், அது அப்பாவிடமிருந்தும் வரலாம், யாரிடமிருந்தும் வராமல் புதிதாகவும் தோன்றலாம். என்எஃப்1-ல் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது புதிதாகத் தோன்றியதுதான். ஒரு செல் பிரியும்போது நடந்த எழுத்துப்பிழைக்கு ஒரு பெண்ணை ஆயுள் முழுக்கக் குற்றவாளியாக்குவது அநியாயம்.

பரிசோதனை வேண்டாம் என்பவர்கள் சொல்லும் பயமும் எனக்குப் புரிகிறது. “ரிப்போர்ட்ல வந்துட்டா நாளைக்குப் பொண்ணுக்கு வரன் அமையுமா?” இது கற்பனைப் பயம் இல்லை. ஆகவே பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசகர் உட்கார்ந்து பேச வேண்டும், முடிவு ரகசியமாக இருக்க வேண்டும். ஆனால் தெரியாமலே இருந்தால் பழுது இல்லாமல் போய்விடாது. பரிசோதனை மட்டும்தான் தாமதமாகும்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். ‘இல்லை’ என்பதும் ஒரு முடிவுதான். ரெட்டினோபிளாஸ்டோமா வந்த குழந்தையின் தம்பிக்கோ தங்கைக்கோ அந்தப் பழுது இருக்கிறதா என்று தெரியாவிட்டால், பல வருடம் திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும். குடும்பத்தின் பழுது எது என்று தெரிந்து, அது அந்தக் குழந்தைக்கு இல்லை என்றால், ஒரே ரத்தப் பரிசோதனையோடு அத்தனை அலைச்சலும் முடிந்தது.

என்ன செய்யலாம்?

* குழந்தையின் ஒரு கண் போட்டோக்களில் திரும்பத் திரும்ப வெள்ளையாகத் தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ, அந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள். சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரியவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம், அவையும் தள்ளிப்போடக் கூடாதவைதான். போனில் ‘ரெட்-ஐ’ நீக்கும் வசதி இருந்தால் அது அறிகுறியை மறைத்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.
* உடம்பில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட காபி நிறத் தேமல்கள் இருந்தால் குழந்தைகள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.
* குடும்பத்தில் யாருக்காவது விழித்திரை ரத்தக்குழாய்க் கட்டி, சிறுமூளைக் கட்டி, சின்ன வயதில் சிறுநீரகக் கட்டி என்று கலவையாக இருந்தால், ‘தனித்தனி நோய்’ என்று விடாமல் விஎச்எல் பற்றிக் கேளுங்கள். அந்தப் பழுது இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை அவசியம்.
* கட்டி என்று உறுதியானால் மருத்துவரிடம் இரண்டு கேள்வி: “எந்த மரபணு மாறியிருக்கிறது?” “குடும்பத்தில் வேறு யாரைப் பார்க்க வேண்டும்?”

சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் கண் கட்டிகளுக்கான சிறப்புப் பிரிவுகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் வந்து சேரும் குடும்பத்துக்கு ஆபரேஷனும் மருந்தும் மட்டும் கிடைத்தால் போதாது. கட்டிக்கான மரபணுப் பரிசோதனையும், உடன்பிறந்தவர்களுக்கான ரத்தப் பரிசோதனையும், ஆலோசனையும் சிகிச்சையின் பகுதியாகவே கணக்கிடப்பட வேண்டும். அரசுக் காப்பீடானாலும் கம்பெனி கொடுக்கும் இன்சூரன்ஸானாலும், கீமோதெரபிக்கு இருக்கும் இடம் இதற்கும் வேண்டும். அதோடு, தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் ஒரு சின்ன விளக்கை அடித்துச் சிவப்பு ஒளி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வர வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

இப்போதைக்கு உங்கள் போனில் இருக்கும் குழந்தைகளின் போட்டோக்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி சிவப்பாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால், அடுத்த போட்டோவுக்குப் போகாதீர்கள்.